கொரியாவில் வீட்டிலேயே யுக்வே: இறைச்சி வாங்கும் நாள் முதல் தட்டில் வைக்கும் நிமிடம் வரை

கடையில் யுக்வே சாப்பிட்டுப் பிடித்துப்போய், அதை வீட்டில் செய்து பார்க்க நினைக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். பச்சை மாட்டிறைச்சியைக் குச்சி குச்சியாக நறுக்கி, சோயா சாஸ், சர்க்கரை, பூண்டு, வறுத்த எள்ளின் எண்ணெய் எல்லாம் சேர்த்துப் பிசறி, மேலே முட்டையின் மஞ்சள் கருவும் அடியில் கொரியப் பேரிக்காயும் வைத்துத் தருவார்களே, அதுதான் யுக்வே. அடுப்பே பற்றவைக்க வேண்டாம். நறுக்கிப் பிசற அரை மணி நேரம் போதும். ஆனால் எந்தக் கிழமை, எந்தத் துண்டு, எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது என்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. செய்முறை சொல்பவர்கள் பெரும்பாலும் "யுக்வே இறைச்சி 300 கிராம்" என்று ஒரே வரியில் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நான் தேகு நகரத்துக்கு வந்த முதல் வருடம் இதையெல்லாம் தெரியாமல் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய கடையில், பார்க்கச் சிவப்பாக இருந்த இறைச்சிப் பொட்டலத்தை எடுத்து வந்தேன். அது சூப்புக்கென்று முன்பே துண்டு போட்டு வைத்தது. நம் ஊரில் கோழியை ஊறவைக்கிற மாதிரி ஒரு மணி நேரம் முன்பே மசாலா பிசறியும் வைத்தேன். பரிமாறும்போது நிறம் பழுப்பாகி, தட்டில் தண்ணீர் விட்டிருந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. என்னோடு சாப்பிட்ட நண்பன் புதன்கிழமை வயிற்றுப்போக்கில் விழுந்து இரண்டு இரவு மருத்துவமனையில் கிடந்தான். அவன் அம்மாவிடம் தொலைபேசியில் நான்தான் பேசினேன். அந்தப் பேச்சு யாருக்கும் வர வேண்டாம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஊர்க் கடை இறைச்சியில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வெளியில் தொங்கவிட்டு, ஒரே கட்டையில் எல்லாவற்றையும் வெட்டிக் கொடுக்கும் இறைச்சி குழம்புக்குத்தான். கீழே எழுதியிருப்பதெல்லாம், வெட்டுக்கூடத்திலிருந்து கடை வரை குளிரிலேயே வந்து, எந்த மாடு என்று எண் போட்டு விற்கும் கொரிய இறைச்சியை வைத்து எழுதியது.

1. யார் சாப்பிடக் கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், வயதானவர்கள், சிறுநீரக நோயாளிகள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள். இவர்களுக்கு ஒரு வாய்கூட வேண்டாம். எவ்வளவு நல்ல இறைச்சியாக இருந்தாலும், எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும், பச்சை இறைச்சியில் கிருமி அறவே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. 2011-இல் ஜப்பானில் இதே உணவைக் கடையில் சாப்பிட்ட ஐந்து பேர் ஈ.கோலை கிருமியால் இறந்தார்கள். விருந்துக்குக் கூப்பிடும்போதே "இது பச்சை இறைச்சி" என்று சொல்லிவிடுங்கள். வந்தபின் சொன்னால், மரியாதைக்காக மறுக்க முடியாமல் சாப்பிடுவார்கள்.

2. ஒருமுறையாவது நல்ல கடையில் சாப்பிட்டுப் பாருங்கள்

சரியான யுக்வே வாயில் எப்படி இருக்கும் என்று தெரியாமல் வீட்டில் செய்தால், தப்பு நடந்ததே தெரியாது. சியோலில் இருப்பவர்கள் குவாங்ஜாங் சந்தைக்குப் போங்கள். 1-ஆம் ரயில் பாதையில் ஜோங்னோ 5-கா நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். அங்கே யுக்வே கடைகளுக்கென்றே ஒரு சந்து இருக்கிறது. ஒரு தட்டு 20,000 வொன் அளவில் இருக்கும், இரண்டு பேர் சாப்பிடலாம்.

தேகுவில் இருப்பவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே பிரபலமான முங்திகி வேறு. அது அன்றைக்கே வெட்டிய மாட்டின் இறைச்சியை மசாலா சேர்க்காமல், தடிமனான துண்டுகளாகப் போட்டு, தொட்டுக்கொள்ளச் சாந்து தருவது. அதற்கான இறைச்சி நமக்குச் சில்லறையில் கிடைப்பது கஷ்டம். அதைக் கடையிலேயே சாப்பிடுங்கள்.

3. நாள் குறியுங்கள்: புதன், வியாழன், வெள்ளி

வெட்டுக்கூடங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. அரசு விடுமுறை நாள்களிலும் அப்படித்தான். வெட்டிய மாட்டை ஓர் இரவு குளிரில் தொங்கவிட்டு, மறுநாள்தான் தரம் பிரிப்பார்கள். அதன் பிறகு ஏலம், அதன் பிறகு கடை. திங்கட்கிழமை வெட்டியது புதன்கிழமை வாக்கில்தான் உங்கள் தெருக் கடைக்கு வரும். ஞாயிறும் திங்களும் கடையில் இருப்பது போன வாரத்துச் சரக்கு. சூப்புக்கும் வறுவலுக்கும் அதில் ஒரு குறையும் இல்லை, யுக்வேக்கு மட்டும் வேண்டாம்.

அறுவடைப் பண்டிகையான சூசொக், சந்திரப் புத்தாண்டான சொல்லால் விடுமுறைகளை ஒட்டிய நாள்களையும் தவிருங்கள். பண்டிகைக்கு முந்தைய வாரம் விலை ஏறும், பண்டிகை முடிந்த மறுநாள் புதுச் சரக்கு இருக்காது. விருந்து சனிக்கிழமைதான் என்றால், வெள்ளிக்கிழமை மாலை வாங்கி, குளிர்பெட்டியின் மிகக் குளிரான தட்டில் ஓர் இரவு வைக்கலாம். அதற்கு மேல் நான் வைப்பதில்லை.

4. எந்தத் துண்டு, எந்தத் தரம்

வாங்க வேண்டியது கொழுப்பில்லாத தொடைப் பகுதி. கடையில் மூன்று பெயர்களில் ஏதாவது ஒன்று இருக்கும்:

- உதுன்: பின்தொடையின் உள்தசை. எங்கும் கிடைக்கும். முதல்முறை செய்பவர்களுக்கு இதுவே போதும்.
- ஹோங்துக்கேசால்: பின்தொடையில் உருளைக்கட்டை மாதிரி நீளமாக இருக்கும் தசை. நார் ஒரே திசையில் ஓடுவதால் நறுக்க மிகச் சுலபம். எனக்குப் பிடித்தது இதுதான்.
- குரிசால்: முன்காலின் தோள் பக்கத்துத் தசை. சுவை அதிகம். நடுவில் ஒரு வெள்ளை நரம்பு ஓடும், அதை எடுத்துவிட்டு வெட்ட வேண்டும்.

தரத்தில்தான் புதியவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள். ஹன்வூ எனப்படும் கொரிய இன மாட்டின் இறைச்சிக்கு 1++, 1+, 1, 2, 3 என்று தரம் உண்டு. 1++ ஐக் கடைக்காரர்கள் "தூப்புல்" என்பார்கள். இந்தத் தரத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது, தசைக்குள் கொழுப்பு எவ்வளவு பூத்திருக்கிறது என்பது. சுட்டுச் சாப்பிட அது அருமை. பச்சையாகச் சாப்பிடும்போது அதே கொழுப்பு மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டும். யுக்வேக்கு 1 அல்லது 2 போதும்.

பொட்டலத்தில் "குக்னேசான்" என்று மட்டும் பார்த்துவிட்டு எடுக்காதீர்கள். அதற்கு உள்நாட்டுச் சரக்கு என்றுதான் பொருள். பக்கத்தில் ஹன்வூ என்று இருந்தால் கொரிய மாடு, யுகு என்று இருந்தால் பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்த்த கறவையின ஆண் மாடு. யுகு கெட்டது என்று சொல்லவில்லை, விலையும் குறைவு. ஹன்வூ விலை கொடுத்து யுகு வாங்கி வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பொட்டலத்தில் "யுக்வேயோங்" என்று இருந்தால் யுக்வேக்கானது. "குக்கொரி" என்றால் சூப்புக்கு, "புல்கோகியோங்" என்றால் மசாலாவில் ஊறவைத்துச் சுடும் புல்கோகிக்கு, "ஜாங்ஜோரிம்யோங்" என்றால் சோயாவில் வேகவைக்க. கொரிய எழுத்து இன்னும் பழகாதவர்கள் பாப்பகோ மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவைப் பொட்டலத்தின் மேல் காட்டுங்கள். கொத்திய இறைச்சி எக்காரணம் கொண்டும் வேண்டாம். முழுத்துண்டில் கிருமி பெரும்பாலும் மேல்புறத்தில்தான் இருக்கும். கொத்தினால் மேல்புறம் முழுவதும் உள்ளே கலந்துவிடும். முன்பே குச்சியாக நறுக்கி வைத்த பொட்டலத்திலும் இதே சிக்கல் உண்டு. கட்டியாக வாங்குங்கள்.

5. அந்த 12 இலக்க எண்ணைத் தட்டிப் பாருங்கள்

இந்த ஒரு படியை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கொரியாவில் விற்கும் உள்நாட்டு மாட்டிறைச்சிப் பொட்டலங்களில் பெரும்பாலும் "இரியொக் பொன்ஹோ" என்று ஒரு 12 இலக்க எண் இருக்கும். அது அந்த மாட்டின் எண். அரசின் கால்நடைப் பொருள் வரலாற்றுத் தளத்திலோ அதன் செயலியிலோ அந்த எண்ணை அடித்தால், மாடு பிறந்த தேதி, இனம், ஆணா பெண்ணா, எந்தக் கூடத்தில் எந்தத் தேதியில் வெட்டினார்கள், சோதனையில் தேறியதா, என்ன தரம் என்று எல்லாம் வந்துவிடும். காசு கிடையாது, வெளிநாட்டவர் அட்டையும் கேட்க மாட்டார்கள். கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் பார்க்கலாம்.

அதில் நீங்கள் பார்க்க வேண்டியது "தொச்சுக்" என்று தொடங்கும் வரி, அதாவது வெட்டிய தேதி. அதிலிருந்து ஐந்து நாளுக்குள் இருந்தால்தான் நான் வாங்குவேன். சட்டம் சொல்லும் கணக்கு இது இல்லை, நானாக வைத்துக்கொண்டது.

இங்கே மூன்று இடத்தில் ஏமாறலாம்.

பொட்டலத்தில் பெரிதாக அச்சிட்டிருப்பது கட்டிய தேதி. வெட்டிப் பத்து நாளான இறைச்சியை இன்று காலை தட்டில் வைத்துச் சுற்றினாலும் இன்றைய தேதிதான் போடுவார்கள். முதல் வருடம் நான் நம்பியது இந்தத் தேதியைத்தான்.

"சோபி கிஹான்" என்று இருப்பது, எதுவரை உண்ணலாம் என்ற தேதி. 2023 முதல் இந்தப் பெயரில் போடுகிறார்கள். சூப்பு இறைச்சியில் அந்தத் தேதி, நீங்கள் சமைத்துத்தான் சாப்பிடுவீர்கள் என்ற கணக்கில் போட்டது. இன்னும் நாலு நாள் இருக்கிறதே என்று அதை யுக்வே ஆக்க முடியாது.

எண் ஆங்கில "எல்" எழுத்தில் தொடங்கினால் அது ஒரு மாட்டின் எண் இல்லை, கட்டு எண். பல மாடுகளின் இறைச்சியைச் சேர்த்துக் கட்டியது. அடித்துப் பார்த்தால் ஒரு பட்டியலே வரும், உங்கள் கையில் இருப்பது எதுவென்று தெரியாது. நான் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

6. கடைக்காரரிடம் கேளுங்கள்

பெரிய அங்காடியை விடத் தெருவிலுள்ள "ஜொங்யுக்ஜொம்" எனப்படும் இறைச்சிக் கடையே நல்லது. சியோலில் மாஜாங்-தொங் இறைச்சிச் சந்தை இருக்கிறது, 5-ஆம் ரயில் பாதையில் மாஜாங் நிலையம். மற்ற ஊர்களில் விவசாயக் கூட்டுறவின் ஹனாரோ மார்ட் இறைச்சிப் பிரிவும் எனக்குச் சரியாகவே அமைந்திருக்கிறது.

கடைக்குள் போனதும் "சாஜங்நிம்" என்று கூப்பிடுங்கள். கடை உரிமையாளருக்கு மரியாதையான விளி அது. பிறகு "யுக்வேயோங்-உரோ சம்பெக் குராம் ஜூசேயோ" என்றால் போதும்: யுக்வேக்கு 300 கிராம் கொடுங்கள். வெட்டித் தரட்டுமா என்று கட்டாயம் கேட்பார்கள். வேண்டாம், கட்டியாகவே கொடுங்கள் என்று சொல்லுங்கள்.

எங்கள் தெருக் கடை அம்மாவிடம் முதல்முறை திங்கட்கிழமை போய் நின்றேன். கண்ணாடிப் பெட்டிக்குள் தொடைத் துண்டு நன்றாகவே தெரிந்தது. அவர் தலையை ஆட்டி, "ஹக்செங், இன்றைக்கு யுக்வேக்கு இல்லை. புதன்கிழமை சாயங்காலம் வா" என்றார். ஹக்செங் என்றால் மாணவன், இளைஞர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். புதன்கிழமை போனபோது, உள்ளே குளிர் அறையிலிருந்து முழுத் தசையை எடுத்து வந்து பலகையில் போட்டு, கத்தியை ஒரு துணியால் துடைத்து, நுனியிலிருந்து நாலு விரல் அகலத்தை வெட்டித் தள்ளிவிட்டு, அதற்கு அடுத்த துண்டை எனக்குப் போட்டார். தள்ளிய துண்டு சூப்புத் தட்டுக்குப் போனது. பணம் வரும் என்று தெரிந்தும் இல்லை என்று சொல்கிற கடை கிடைத்தால், அதை விட்டுவிடாதீர்கள்.

வெட்டிய புது முகம் முதலில் கருஞ்சிவப்பாக இருக்கும். காற்றுப் பட்டு இருபது, முப்பது நிமிடத்தில் பளிச்சென்று சிவக்கும். அதனால் கருஞ்சிவப்பைப் பார்த்து பழையது என்று பயப்பட வேண்டாம். விரலால் தொட்டால் பிசுபிசுக்கக் கூடாது, புளித்த வாடை வரக் கூடாது, பொட்டலத்தின் அடியில் சிவப்புத் தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது.

உறைய வைத்த யுக்வேப் பொட்டலங்களும் சாஸோடு சேர்த்து விற்கிறார்கள். வேறு வழியில்லை என்றால் ஹாசப் (HACCP) எனப்படும் உணவுப் பாதுகாப்பு முத்திரை பார்த்து வாங்கி, இரவு முழுக்கக் குளிர்பெட்டிக்குள் வைத்து உருகவிடுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம். ஆனால் உறைய வைத்தால் எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்று நம் நண்பர்கள் பலர் நம்புகிறார்கள், அது தவறு. பல நாள் உறைய வைத்தால் நாடாப்புழுவின் கூடு சாகும். ஈ.கோலை போன்ற பாக்டீரியா உறைந்து கிடந்து, உருகியதும் எழுந்துவிடும்.

7. மற்ற பொருள்களும் செலவும்

300 கிராம் இறைச்சிக்கு, அதாவது இரண்டு பேருக்கு வயிறு நிறைய அல்லது நாலு பேருக்குத் தொட்டுக்கொள்ள:

- ஜின் கன்ஜாங் எனப்படும் சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி
- சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி
- மசித்த பூண்டு ஒரு தேக்கரண்டி
- பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி ஒரு மேசைக்கரண்டி
- சம்கிரும் எனப்படும் எள் எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி
- வறுத்த எள் ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு சிட்டிகை
- கொரியப் பேரிக்காய் பாதி
- முட்டை ஒன்று
- ஜாட் எனப்படும் பைன் கொட்டை ஒரு மேசைக்கரண்டி

ஊரிலிருந்து கொண்டு வந்த நல்லெண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். நம் செக்கு நல்லெண்ணெய் பச்சை எள்ளை ஆட்டி எடுப்பது. சம்கிரும் எள்ளை நன்றாக வறுத்துப் பிழிவது. இந்த உணவின் வாசனையே அந்த வறுத்த மணம்தான். நல்லெண்ணெயில் செய்து பார்த்தேன், எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் வந்தது, மணம் வரவில்லை.

சோயா சாஸிலும் இரண்டு உண்டு. குக் கன்ஜாங் சூப்புக்கானது, உப்பு மிகவும் கூடுதல். அதே அளவு ஊற்றினால் வாயில் வைக்க முடியாது.

முட்டை ஓட்டில் 10 எழுத்து அச்சாகியிருக்கும். முதல் நாலு இலக்கம் முட்டையிட்ட நாள்: 0912 என்றால் செப்டம்பர் 12. அடுத்த ஐந்து பண்ணையின் குறி. கடைசி இலக்கம் கோழி வளர்த்த முறை, 1 என்றால் திறந்தவெளி, 4 என்றால் கூண்டு. பச்சையாகச் சாப்பிடப் போவதால் ஒரு வாரத்துக்குள் இட்டது, விரிசல் இல்லாதது வேண்டும். சந்தேகமாக இருந்தால் முட்டையை விட்டுவிடுங்கள், சுவையில் பெரிய குறை வராது.

எனக்கு ஆகும் செலவு: இறைச்சி 13,000 முதல் 16,000 வொன், பேரிக்காய் ஒன்று 3,000 முதல் 5,000 வொன், பைன் கொட்டைச் சிறு பொட்டலம் 5,000 வொன் சுமார். பேரிக்காய் இலையுதிர் காலத்தில் மலிவு, கோடையில் விலை ஏறும். சம்கிரும் சிறு போத்தல் முதல்முறை மட்டும் ஒரு செலவு. ஆக முதல் தடவை 30,000 வொன் வரை வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை 20,000 வொன்னில் முடியும். கடை விலையோடு ஒப்பிட்டால் ஒரு தட்டுக்குப் பெரிய இலாபம் இல்லை. நாலு பேருக்குச் செய்யும்போதுதான் மிச்சம் தெரியும்.

8. கொண்டு வருவதும் வைப்பதும்

கடைசியாக இறைச்சிக் கடைக்குப் போங்கள், மற்ற எல்லாவற்றையும் அதற்கு முன் வாங்கிவிடுங்கள். பனிப்பை கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், கோடையில் கேட்காமல் வராதீர்கள். வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டிக்குள், 4 டிகிரிக்குக் கீழ். கதவுத் தட்டில் வைக்க வேண்டாம், திறக்கும்போதெல்லாம் அங்கே சூடாகும்.

இறைச்சியைக் கழுவக் கூடாது. மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் அலசாமல் கை ஓடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கழுவினால் கிருமி போகாது, தொட்டி, குழாய், பக்கத்துத் தட்டு என்று எல்லா இடத்துக்கும் தெறிக்கும். இறைச்சி தண்ணீரையும் குடித்துக்கொள்ளும். சமையல் காகிதத்தில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள், சிவப்பு நீர் உறிஞ்சியதும் காகிதத்தை மாற்றி இன்னொரு முறை. அது போதும்.

9. மேல்புறத்தைச் சீவி எடுங்கள்

இந்தப் படியைத் தாண்டாதீர்கள். கட்டியின் எல்லாப் பக்கத்திலும் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி எடுங்கள். கை, கத்தி, கட்டை எல்லாம் பட்டது அந்த மேல்புறம்தான். 300 கிராமில் 50, 60 கிராம் போய்விடும், அதைக் கணக்கில் வைத்தே வாங்குங்கள். சீவியதைக் குப்பையில் போட வேண்டாம், கடற்பாசி போட்டு மியொக்குக் சூப்பு வைத்தால் மறுநாள் காலைச் சாப்பாடு ஆயிற்று.

சீவி முடித்ததும் பலகையையும் கத்தியையும் மாற்றுங்கள், கையுறையையும் மாற்றுங்கள். அதே பலகையில் தொடர்ந்து நறுக்கினால் சீவியதற்கு அர்த்தமே இல்லை. இரண்டு பலகை இல்லாதவர்கள் நடுவில் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, முழுக்கத் துடைத்துக் காயவிட்டுத் தொடருங்கள்.

விருந்தினர் வரும்போது நான் இன்னொன்றும் செய்கிறேன். ஜப்பானில் அந்த மரணங்களுக்குப் பிறகு 2011 அக்டோபரில் ஒரு விதி கொண்டு வந்தார்கள்: பச்சையாக விற்கும் மாட்டிறைச்சியின் மேல்புறத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் ஆழம் வரை 60 டிகிரியில் இரண்டு நிமிடம் சூடாக்க வேண்டும். வீட்டில் அவ்வளவு துல்லியமாகச் செய்ய முடியாது. அதையே எளிமையாக, கட்டியைக் கொதிக்கும் நீரில் அரை நிமிடம் முக்கி, உடனே பனிநீரில் போட்டு, துடைத்து, வெளுத்த பகுதியைச் சீவி எடுக்கிறேன். இறைச்சி கூடுதலாகச் சேதாரம் ஆகும். மேல்புறக் கிருமி குறையும், அறவே போய்விடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

10. உறைபெட்டியில் அரை மணி நேரம், பிறகு நறுக்கல்

சீவிய கட்டியை இறுக்கமாகச் சுற்றி உறைபெட்டியில் 30 முதல் 40 நிமிடம் வையுங்கள். வெளியே விறைத்து, நடுவில் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். அந்தப் பதத்தில்தான் கத்தி வழுக்காமல் இறங்கும்.

நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். அதற்குக் குறுக்கே, மூன்று மில்லிமீட்டர் தடிமனில் தகடு தகடாக வெட்டுங்கள். தகடுகளை அடுக்கி, அதே தடிமனில் ஐந்தாறு சென்டிமீட்டர் நீளக் குச்சிகளாக நறுக்குங்கள். நாரோடு சேர்த்து வெட்டினால் ரப்பர் மாதிரி இழுபடும். வெள்ளைச் சவ்வு கண்ணில் பட்டால் அப்போதே எடுத்துவிடுங்கள். நறுக்கியதை மறுபடி குளிர்பெட்டிக்குள் வையுங்கள்.

இந்த அரை மணி நேரத்தில் பேரிக்காயைத் தோல் சீவி, குச்சியாக நறுக்கி, சர்க்கரை கலந்த தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, நன்றாகத் துடைத்துவிடுங்கள். கறுக்காமல் இருக்கும். சோயா சாஸ், சர்க்கரை, பூண்டு, வெங்காயத்தாள், மிளகுத்தூள் ஐந்தையும் கலந்து, சர்க்கரை கரையும் வரை கிண்டி அதையும் குளிரில் வையுங்கள். பைன் கொட்டையைக் காகிதத்தின் மேல் வைத்துப் பொடியாகக் கொத்தினால் அதன் எண்ணெயைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும், பொடி உதிரியாக நிற்கும்.

11. எல்லோரும் உட்கார்ந்த பிறகு பிசறுங்கள்

உப்பும் சர்க்கரையும் பட்ட நிமிடத்திலிருந்து இறைச்சி தண்ணீர் விடத் தொடங்கும், நிறமும் மங்கும். ஊறினால் சுவை ஏறும் என்ற நம் கணக்கு இங்கே செல்லாது. விருந்தினர் மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகு, குளிர்ந்த பாத்திரத்தில் இறைச்சியைப் போட்டு, கலவையை ஊற்றி, விரல் நுனியால் உதிர்த்து உதிர்த்துப் பிசறுங்கள், அழுத்தக் கூடாது. கடைசியாக எண்ணெயும் எள்ளும். மொத்தம் ஒரு நிமிடம். தெற்கே ஜொல்லா பகுதியில் கொச்சுஜாங் மிளகாய்ச் சாந்து சேர்த்தும் செய்வார்கள். நமக்குக் காரம் பிடிக்கும் என்று அதை முதல்முறையே போட வேண்டாம், இறைச்சி எப்படி இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும்.

குளிரவைத்த தட்டில் பேரிக்காய் அடியில், இறைச்சி மேலே குவியலாக, நடுவில் ஒரு குழி, அதில் மஞ்சள் கரு, சுற்றிலும் பைன் பொடி. பேரிக்காயை இறைச்சியோடு முன்பே கலக்க வேண்டாம், சாறு விட்டுவிடும். அவரவர் வாய்க்கு எடுக்கும்போது இரண்டையும் சேர்த்து எடுக்கட்டும்.

சோற்றோடு வேண்டுமென்றால் ஜின்ஜு ஊர்ப் பிபிம்பாப் மாதிரி காய்கறியும் யுக்வேயும் வைத்துப் பிசையலாம். சோறு வெதுவெதுப்பாக இருந்தால் போதும். ஆவி பறக்கும் சோற்றில் போட்டால் இறைச்சி அரைகுறையாக வெந்து நிறம் மாறும்.

12. மிச்சமானால்

அரை மணி நேரத்துக்கு மேல் தட்டு வெளியில் இருக்கக் கூடாது. மிச்சத்தைக் காலையில் சாப்பிடலாம் என்று மூடி வைக்காதீர்கள். அப்போதே வாணலியில் கொட்டி, தண்ணீர் வற்றி நன்றாக வேகும் வரை வதக்குங்கள். சர்க்கரையும் சோயாவும் இருப்பதால் புல்கோகி மாதிரியே வரும், சோற்றுக்குப் போதும். பலகை, கத்தி, தொட்டி, குழாய்ப்பிடி நாலையும் சோப்பு போட்டுக் கழுவி, நீர்த்த பிளீச்சில் துடைத்துவிடுங்கள். குழாய்ப்பிடியைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

13. அடுத்த பத்து நாள்

ஈ.கோலை வயிற்றைப் பிடித்தால் பெரும்பாலும் மூன்று, நாலு நாள் கழித்துத்தான் தெரியும். பத்து நாள் வரைகூட ஆகலாம். அதனால் மறுநாள் நன்றாக இருந்ததை வைத்து முடிவு செய்ய வேண்டாம். யார் யார் சாப்பிட்டார்கள், எந்தத் தேதியில் என்பதையும், பொட்டலத்தின் 12 இலக்க எண்ணையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகள் அவைதான். அன்று என் நண்பனுக்காக மருத்துவமனையில் நின்றபோது என்னிடம் ஒன்றுக்கும் பதில் இல்லை.

வயிற்றுப்போக்கில் இரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, முகம் வெளிறி அசதி அதிகமானாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். போக்கை நிறுத்தும் மாத்திரையோ, ஊரிலிருந்து கொண்டு வந்த ஆன்டிபயாட்டிக்கோ நீங்களாக எடுக்க வேண்டாம், இந்த நோயில் இரண்டும் நிலைமையை மோசமாக்கலாம். போனதும் பச்சை மாட்டிறைச்சி சாப்பிட்டதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: "யுக்வே மொகொச்சொயோ." தொற்றுநோய் பற்றிய ஆலோசனைக்கு 1339, ஆம்புலன்ஸுக்கு 119.